கிளெமென்ட் வீட்டுத் தண்ணி ஜோசியம்

நாற்பத்தைந்து வயது மனுசன் நல்ல வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்தால், ஊர் யோசிப்பதற்கு மூன்றே காரணம்தான் உண்டு: கையாடல், சீக்கு, பொம்பளை. இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் கிளெமென்ட் பெங்களூர்க் கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கும்பிடு போட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு ரயிலை விட்டு இறங்கியபோது, தெருவில் மூன்றையும் முறை வைத்துப் பேசினார்கள். பாவம், அதில் ஒன்றுக்காவது அவனுக்குச் சாமர்த்தியம் இருந்திருந்தால் அவர்கள் பேசினதற்கு ஒரு மரியாதையாவது இருந்திருக்கும்.

உண்மையான காரணம் போன். வெளிநாட்டு வங்கி ஒன்றின் கணக்கு ப்ரோகிராம்களைக் கட்டி மேய்ப்பது அவன் வேலை. அந்த ஊரில் ஆபீஸ் திறக்கும்போது இங்கே இவன் சோற்றில் கை வைத்திருப்பான், போன் அடிக்கும். எடுத்தால் ஒரே கேள்விதான்: எப்போது சரியாகும்? மனைவி அல்போன்சா திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் குடும்பம் இங்கே, இவன் அங்கே. லீவு போட்டு வீட்டுக்கு வந்தால் போனும் டிக்கெட் எடுக்காமல் கூடவே வந்துவிடும். கடைசியில் ஒரு பெரிய வியாழன் பூசையில், நற்கருணை வாங்கும் வரிசையில் நிற்கும்போது சட்டைப்பைக்குள் அடித்தது. பழக்கதோஷம், எடுத்துக் காதில் வைத்துவிட்டான். அந்தப் பக்கம் மேனேஜர் கத்துகிறார். இந்தப் பக்கம் பங்குச்சாமி அப்பத்தைத் தூக்கிப் பிடித்து "கிறிஸ்துவின் திருவுடல்" என்கிறார். ஆமென் சொல்ல வேண்டிய வாய், "யெஸ் சார், இப்பவே சார்" என்றது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அல்போன்சா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஈஸ்டர் முடிந்து பெங்களூர் போனவன் முதல் வேலையாக ராஜினாமாவை எழுதிக் கொடுத்தான்.

ஊருக்குப் புரியாமல் போன சங்கதி இதற்கு அடுத்ததுதான். அவனுக்கு வெறுத்துப் போயிருந்தது வேலை, கம்ப்யூட்டர் அல்ல. கம்ப்யூட்டர் மேல் அவனுக்கு இருந்தது அசல் பிரியம், சம்பளம் என்று ஒன்று வருவதற்கு முந்தின பிரியம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு கம்ப்யூட்டர் அவனுக்கு வேண்டும். ஓடினாலும் சந்தோஷம், ஓடாவிட்டாலும் சந்தோஷம், ஏன் ஓடவில்லை என்று கேட்க ஒரு நாதி இருக்கக் கூடாது. மிச்ச ஆயுசுக்கு அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான். சொல்லுங்கள், இது பேராசையா?

பேகம்பூரில் சேக் பரீதின் காயலாங்கடைக்குப் போய், எந்தக் காலத்திலோ செத்துப்போன மூன்று கம்ப்யூட்டர்களை எடைக்கு வாங்கினான். தராசில் மானிட்டரை ஏற்றும்போது சேக் பரீதுக்கே மனசு கேட்கவில்லை.

"அண்ணே, இதுல ஒண்ணும் தேறாதுண்ணே. செம்புகூடக் கம்மி."

"செம்பு வேணாம் பாய். சும்மா ஓட்டிப் பாக்கத்தான்."

"எத, இதையா?" என்று கேட்ட சேக் பரீது அதற்கு மேல் கிண்டவில்லை. தன் காதுக்கு வந்த மூன்று காரணங்களில் சீக்குதான் சரி என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு, ஒரு மௌஸைச் சும்மாவே எடுத்துக் கொடுத்தார்.

மாடி அறையில் மூன்றையும் பிரித்துப் போட்டு ஒன்றாக்கினான் கிளெமென்ட். மெமரிக் கட்டையின் பற்களை அல்போன்சாவின் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, வாயால் ஊதி, சொருகி, பட்டனைத் தட்டினால் அது விட்டுவிட்டுக் கத்தும். கழற்றித் தேய்த்தான், சொருகினான், மறுபடியும் கத்தியது. இப்படியே ஒரு நாள் முழுக்கப் போய், சாயங்காலம் பார்த்து ஒரே ஒரு 'பீப்'. பிழைத்துக்கொண்டது. கிளெமென்ட் எழுந்து நின்று தனக்குத் தானே கைதட்டிக்கொண்டான். பெங்களூரில் கோடி ரூபாய் ப்ராஜெக்ட்டை முடித்த அன்றைக்கும் அவனுக்கு இந்தச் சந்தோஷம் வந்ததில்லை. மூடி இல்லாத பெட்டிக்கு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டுத் தான் வேர்வையில் ஊறினான். பழைய பிரிண்டர் ஒன்றுக்கு ரிப்பன் கிடைக்காமல் ஸ்டாம்பு மையை ஊற்றி ஓட்டினான். அது கர்ர் கர்ரென்று தெரு முனைவரை கேட்கும். விரலெல்லாம் ஊதா மையோடு, குளித்தும் குளிக்காமல், பத்து பைசாவுக்குப் பிரயோசனமில்லாத ப்ரோகிராம்களாக எழுதித் தள்ளினான். கோயில் பாட்டை 'பீப்'பிலேயே வாசிக்கிற ப்ரோகிராம். அல்போன்சாவின் பெயரைத் தலைகீழாக எழுதிக் காட்டுகிற ப்ரோகிராம். மனுசன் அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

அடுத்த வீட்டு இன்னாசியம்மாள் இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். ஒரு நாள் மாடிப்படியில் பாதி ஏறி நின்று குரல் கொடுத்தாள்.

"என்ன தம்பி மேல, எங்க கிரைண்டரு கூட இம்புட்டுச் சத்தம் போடாது?"

"சும்மாதான்க்கா. குழாயில தண்ணி வார நாளெல்லாம் உள்ள போட்டு வச்சா, அடுத்து எப்ப வரும்னு சொல்லுதான்னு பாக்குறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் பற்றி விளையாட்டுக்குக்கூட வாயைத் திறக்கக் கூடாது. அது எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டு வருகிற ஜாதி இல்லை. வந்துவிட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும், விட்டால் அடுத்த முறை வரும்வரை லாரிக்காரனிடம் பல்லைக் காட்ட வேண்டும். இன்னாசியம்மாள் மீதிப் படிகளையும் ஏறி உள்ளே வந்துவிட்டாள்.

"போன தடவ எப்ப வந்துச்சுக்கா, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமயா. அந்தோனியார் தேருக்கு மறுநாளு. அதுக்கு முந்தி லூர்துசாமி செத்த அன்னைக்கி. மனுசன் குடுத்து வச்சவன், குளிப்பாட்டத் தண்ணி வந்துச்சு. அதுக்கும் முந்தி, எம் மருமக கோவிச்சுக்கிட்டு சாணார்பட்டிக்குப் போனாள்ல, அன்னைக்கி."

தேர், சாவு, கோபம் எல்லாவற்றையும் தேதியாக்கி உள்ளே தட்டினான் கிளெமென்ட். பிரிண்டர் கர்ரென்று துப்பியது: வியாழன் காலை. இன்னாசியம்மாள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு இறங்கினாள். வியாழக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது.

உள்ளதைச் சொன்னால் அதில் பெரிய மூளை ஒன்றும் இல்லை. வால்வு திறந்துவிடுகிற செபஸ்தியான் ஒழுங்கான ஆள். ஒரே வரிசையில்தான் தெருத்தெருவாகச் சைக்கிளில் வருவார். அணையில் தண்ணீர் குறைந்தால் இடைவெளி கூடும், மழை பெய்தால் குறையும். இதைக் கண்டுபிடித்துச் சொல்லக் கம்ப்யூட்டர் எதற்கு, கால்குலேட்டர் போதும். ஆனால் தெருவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. கிளெமென்ட் வீட்டு மாடியில் ஒரு பெட்டி தண்ணி ஜோசியம் சொல்கிறது, சொன்னது பலிக்கிறது, அவ்வளவுதான் செய்தி. செய்தி போகிற போக்கில் திரிந்து, 'கிளெமென்ட் பொழுதன்னைக்கும் மாடியில தண்ணி தண்ணின்னே கெடக்கான்' என்று பங்குச்சாமி காதில் போய் விழுந்தது. அவர் குடியை விடுவது பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் மாடியேறினார். விஷயம் தெரிந்ததும் துண்டுப்பிரசுரத்தை அங்கியில் சொருகிக்கொண்டு, "கோயில் தெருவுக்கு எப்ப வரும்னு செத்த பாரேன்" என்றார்.

பார்த்துச் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் பலிக்கப் பலிக்க அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு குஷி. தாளை வாசல் கேட்டில் தொங்கவிட ஆரம்பித்தான். போகிற வருகிற பெண்கள் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டில் ஜாக்கெட் தைக்கிற நசீம் பானு அந்தத் தாளை நம்பித் தன் கொழுந்தன் நிக்காஹ் தேதியையே ஒரு நாள் தள்ளி வைத்தாள். பிரியாணிக்குத் தண்ணீர் வேண்டுமே.

அப்புறம் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் இந்தத் தெரு, பிறகு பின் தெரு, பிறகு யாரென்றே தெரியாத ஒரு லாட்ஜ். எடுத்தால் ஒரே கேள்விதான்: எப்ப வரும்? அதே கேள்வி. மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டதை இவர்கள் தமிழில் கேட்கிறார்கள், சம்பளம் மட்டும்தான் இல்லை. சோற்றில் கை வைத்தால் மணி அடிக்கிறது. கோயில் பாட்டு ப்ரோகிராமைத் தொட்டு மாதக்கணக்கு ஆகிவிட்டது. விளையாட வாங்கின பெட்டி மறுபடியும் ஆபீஸாகிவிட்டது.

ஒரு நாள் துணிந்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று தாளில் எழுதித் தொங்கவிட்டான். அன்று மத்தியானமே சேக் பரீது தள்ளுவண்டியில் இன்னும் இரண்டு செத்த கம்ப்யூட்டர்களை ஏற்றி அனுப்பிவிட்டார். பணம் வேண்டாமாம், தெருப் பெண்கள் சொல்லி அனுப்பினார்களாம்.

"எனக்கு இது வேலை இல்லக்கா, சும்மா பண்றது" என்று இன்னாசியம்மாளிடம் கெஞ்சிப் பார்த்தான்.

"அதத்தான் தம்பி நானும் சொல்றேன். நீங்க சும்மாதான இருக்கீக. சும்மா இருக்க நேரத்துல ஒரு பட்டனத் தட்டுனா என்ன?"

கிளெமென்ட் சொன்ன சும்மா வேறு, அவள் சொன்ன சும்மா வேறு. அதை அவளுக்கு விளக்கத் தமிழில் இன்னொரு வார்த்தை அவனுக்குக் கிடைக்கவில்லை. அல்போன்சாவிடம் முறையிட்டான். அவள் பரீட்சைப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்கதான ஆரம்பிச்சீக" என்றாள்.

இரண்டாயிரத்து மூன்று ஆகஸ்ட் கடைசியில் வந்தது வினை. தாள் சனிக்கிழமை என்றது. தெரு முழுக்கச் சனிக்கிழமை விடியும்போதே குடம், அண்டா, பக்கெட் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. குழாய் இருமக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் எல்லாரும் பீடத்தை விட்டுவிட்டு அவனையே பார்க்கிறார்கள். திங்கட்கிழமையும் வரவில்லை. கிளெமென்ட் ப்ரோகிராமை வரி வரியாகப் படித்தான். ஒரு தப்பும் இல்லை. தப்பு இல்லாததுதான் அவனை அரித்தது. சோறு இறங்கவில்லை, போன் அடித்தால் தலையணையை எடுத்து அதன் மேல் அமுக்கினான். பெங்களூரில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த நோக்காடு எல்லாம் பார்சலாகி வீடு தேடி வந்துவிட்டது என்று தெரிந்தபோது அவனுக்கு அழுகையே வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருவில் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தான். கேட்டுக்கு வெளியே பெண்கள் காலிக்குடங்களை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வராவிட்டால் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறிப்பது நம் ஊரில் உள்ள வழக்கம்தான். வேலை வெட்டி இல்லாத ஒரு தனி மனுசன் வீட்டை மறித்து உட்கார்ந்தது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை. நடு நாயகமாக இன்னாசியம்மாள். பக்கத்தில் நசீம் பானு, மடியில் பாதி தைத்த ஜாக்கெட்டோடு.

அந்த நேரம் பார்த்து அல்போன்சா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். குடங்களுக்கு நடுவில் வழி விட்டார்கள். கிளெமென்ட்டுக்கு உயிர் வந்தது. டீச்சர் சொன்னால் கலைந்துவிடுவார்கள். அவள் உள்ளே போனாள், பையை வைத்தாள், அடுக்களையிலிருந்து தன் பச்சைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, இன்னாசியம்மாளுக்கு அந்தப் பக்கமாகச் சேலையை ஒதுக்கி உட்கார்ந்துகொண்டாள்.

கிளெமென்ட் மாடியை விட்டு இறங்கி வந்தான். "அல்போன்சா, நீயுமா?"

"எனக்குந்தான் தண்ணி இல்ல."

"என்ன தம்பி, எப்ப வரும்?" என்றாள் இன்னாசியம்மாள்.

பழைய பதில்களெல்லாம் அவன் நாக்கில் வரிசை கட்டி வந்து நின்றன. பார்த்துக்கொண்டிருக்கிறோம். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நாளைக்கு நிச்சயம். இத்தனை வருடம் சோறு போட்ட பொய்கள், ஒவ்வொன்றும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. கம்பெனியில் ஒருத்தனும் சொல்லக் கூடாத சொல் ஒன்று உண்டு, மேனேஜரிலிருந்து வாட்ச்மேன்வரை. கிளெமென்ட் கேட்டைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னான்.

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"எனக்கும் தெரியல, அதுக்கும் தெரியல. செபஸ்தியான் வார வழக்கத்த வச்சுக் குத்துமதிப்பாச் சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப ஏன் மாறுச்சுன்னு தெரியல."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"செபஸ்தியான் எங்கண்ணே ஊர்ல இருக்காரு?" என்றாள் நசீம் பானு. "காவி கட்டிக்கிட்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போயிட்டாருல்ல. எங்க வீட்டுலதான் மோரு வாங்கிக் குடிச்சிட்டுப் போனாரு."

"பதிலுக்கு வந்திருக்க ஆளு கீழ்க்கோடில இருந்துல்ல தொறந்துக்கிட்டு வாரான்" என்றாள் இன்னாசியம்மாள். "இன்னைக்கி அந்தோனியார் குருசடிகிட்ட வந்திருப்பான்."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும்."

"அப்ப ஏங்க்கா எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல?"

"கம்ப்யூட்டருக்குத் தெரியாமயா இருக்கும்னு இருந்துட்டோம்."

கிளெமென்ட்டுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. ப்ரோகிராமில் அணை இருந்தது, மழை இருந்தது, லூர்துசாமியின் சாவுகூட இருந்தது. மாதாவைச் சேர்க்க மறந்துவிட்டான். ஞானஸ்நானம் வாங்கின ஒருத்தன் பண்ணுகிற தப்பா இது? அவன் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்து இன்னாசியம்மாள் சலித்துக்கொண்டு எழுந்தாள்.

"தெரியாதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க பாட்டுக்குக் குருசடிகிட்ட போயி நின்னுருப்போம். இம்புட்டு நாளும் ஒண்ணுந் தெரியாமத்தான் கர்ரு கர்ருன்னு ஓட்டிக்கிட்டு இருந்தீகளா?"

"ஆமாக்கா. இனிமே என்னைய நம்பாதீக."

"இனிமே எவ நம்புறா" என்று நசீம் பானு குடத்தை இடுப்பில் ஏற்றினாள். தெருவே குடங்களைத் தூக்கிக்கொண்டு குருசடிப் பக்கம் நகர்ந்தது. கிளெமென்ட் கேட்டில் தொங்கின தாளைக் கிழித்தெடுத்தான். விட்டது சனியன். இனி ஒரு பயல் போன் பண்ண மாட்டான். பெட்டி மறுபடியும் அவனுடையது, அவனுக்கு மட்டும். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கோயில் பாட்டில் விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினான்.

அல்போன்சா எழுந்திருக்கவில்லை. பச்சைக் குடத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"அவுக சொல்லல, சரி" என்றாள். "நான் சொன்னேன்."

"எப்ப?"

"செபஸ்தியான் கெளம்புன அன்னைக்கி. மாதாவுக்கு மெழுகுதிரிக்குக் காசு குடுத்துவிட்டுட்டு, மேல வந்து சொன்னேன். அவரு வர்றவரைக்கும் தண்ணி முன்னபின்ன ஆகும், பாத்துக்கங்கன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ம்ம்னீக."

அவனுக்கு அது ஞாபகமே இல்லை. அவள் மாடிக்கு வந்ததே ஞாபகம் இல்லை. அவள் முகம் திருப்பினதற்காகத்தான் அந்தச் சனியன் பிடித்த வேலையை விட்டதே. அவனுக்கு வெட்கமாக இருந்தது. தெருவிலேயே அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"வேற ஏதாச்சும் சொன்னியா? நான் ம்ம்னு விட்டது?"

அல்போன்சா குடத்தின் வாயில் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

"ஜூன்ல என்னைய ஹெச்.எம். ஆக்கிட்டாக."

"நெசமாவா?" என்றான் கிளெமென்ட். குடத்து மூடியை மறந்துவிட்டு அதை எடுக்கத் திரும்பி வந்திருந்த இன்னாசியம்மாள் இதைக் கேட்டுவிட்டு, தெருவில் நின்றபடியே ஆச்சரியப்பட்டாள்.

"இதென்ன தம்பி புதுசாக் கேக்குறீக? தெரு பூராவும் ஜாங்கிரி குடுத்தாகளே."

"எனக்கு?" என்று கேட்டான் கிளெமென்ட், மனைவியைப் பார்த்து.

"உங்களுக்குத்தான் மொதல்ல குடுத்தேன்" என்றாள் அல்போன்சா. "மேலயே கொண்டாந்து குடுத்தேன். ரெண்டு தின்னீக. இன்னொண்ணு இருக்கான்னும் கேட்டீக."